நாலு மில்லிக் கூரை

பலகை வாங்கவென்று மூன்று தரம் போன மனுஷன் மூன்று தரமும் வெறுங்கையோடு திரும்பி வந்தால், எந்தப் பெண்சாதிக்குத்தான் சந்தேகம் வராது?

டென்மார்க்கில், கோல்டிங் நகரத்தில் யேசுரட்ணம் வீட்டு வாசலில் அந்தக் கம்பிங் ட்ரெயிலர் மொட்டையாய் நின்றது. கட்டில், அடுப்பு எல்லாம் அவரே பூட்டியாயிற்று. மிச்சம் கூரைதான். ஆவணியில் ஜெர்மனிக்கு, கெவலார் மாதா திருவிழாவுக்கு அதிலேதான் பயணம். போய் இறங்கினதும் புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் பிடித்துக் கூரையை மேலே தூக்கி நிறுத்த வேண்டும். அப்படித்தான் பிளான்.

"இண்டைக்கும் பிளைவூட் வாங்கேல்லையோ?" என்று கேட்டாள் எமிலியா.

"தடிப்பு நாலு மில்லியோ, ஆறு மில்லியோ எண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை."

"இஞ்சத்தைக் காத்துக்கு நாலு மில்லிக் கூரையோ? ஒன்பதைப் போடுங்கோவன்."

"பாப்பம்."

"அப்ப சனிக்கிழமை நானும் வாறன்."

"வேண்டாம், வேண்டாம். நீ வீட்டிலை நில்."

முப்பது வருஷக் கலியாணத்தில் எந்தக் கடைக்கும் வராதே என்று சொன்ன மனுஷனில்லை. இப்போது மட்டும் என்ன வந்தது?

பின்னேரம் அடுத்த தெரு நிறோஷினி போன் எடுத்தாள்.

"அக்கா, மரக்கடையிலை அண்ணையைக் கண்டனான். விக்ரோரியா அக்காவும் நிண்டவ. ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு."

விக்ரோரியா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். புருஷன் செத்து நாலு வருஷம். அவளுக்கும் பிளைவூட்டுக்கும் என்ன சம்பந்தம்? மாதாவே, இந்த வயதிலே எனக்கு இதுவும் ஒரு சோதனையா!

சனிக்கிழமை அவர் காரை எடுத்த கையோடு இவள் பஸ் ஏறினாள். கையும் களவுமாய்ப் பிடித்துவிடுகிறதென்றே போனாள்.

கடையின் பின்பக்கம், பலகை அடுக்குகளுக்கு மறைவில் நின்று எட்டிப் பார்த்தாள்.

ஒரு முழுப் பலகையின் இந்த ஓரத்தைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள் விக்ரோரியா. அந்த ஓரத்தில் யேசுரட்ணம்.

"இது எப்பிடி?"

"இது சுகமாயிருக்கு அண்ணை. ஆறு மில்லிதான் ஆளைக் கொண்டுபோட்டுது. தோள் இப்பவும் விண் விண்ணெண்டு குத்துது."

"ஐயோ, வையுங்கோ, வையுங்கோ. மெதுவா!"

மெதுவாவாம்! எமிலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் வீட்டில் ஒருநாளாவது இப்படிக் குழைந்திருக்கிறாரா?

"நல்லாயிருக்கு!" என்று முன்னால் வந்து நின்றாள். "மனிசி எண்டு நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி வீட்டிலை இருக்க, வேறையொருத்தியோ உங்களுக்குப் பலகை தூக்க வேணும்?"

யேசுரட்ணத்துக்கு முகம் பேயறைந்ததுபோல் ஆயிற்று. விக்ரோரியாதான் அவசரமாய்ச் சொன்னாள்.

"எமிலியாக்கா, கோவிக்காதேங்கோ. உங்களுக்குச் செய்த அதே ஒப்பரேஷன்தான் போன வருஷம் என்ரை வலது தோளிலையும் செய்தது. அதாலைதான் அண்ணை என்னைத் தூக்கிப் பாக்கச் சொல்லிக் கேட்டவர்."

"ஏன், என்ரை தோள் எங்கை போட்டுது? என்னைக் கேட்டிருந்தால் நான் தூக்கியிருக்கமாட்டனோ?"

யேசுரட்ணம் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தூக்கியிருப்பாய். ஒன்பது மில்லியையும் தூக்கியிருப்பாய். தூக்கிப்போட்டு, 'எனக்கு நோகேல்லை' எண்டும் சொல்லியிருப்பாய். அவ எண்டால் நோகேக்கை நோகுதெண்டு சொல்லுவா."