கொத்தனார் வரிசை

"சித்தாள் வரிசை அந்தப் பக்கம்மா" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க்.

"தெரியும் சார். நான் கொத்தனார் வேலைக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள் அவள், நகராமல்.

முன்னால் நின்ற அவள் கொழுந்தன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வேன் ஓட்டுகிறவன். கம்பெனியில் நிரந்தர வேலை, கொத்தனார் சம்பளம் என்று காதில் விழுந்ததும் ஒரு கொத்துக்கரண்டியை இரவல் வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டான். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதையே காலையில்தான் அண்ணனிடம் கேட்டுக்கொண்டான்.

"அண்ணி, கலவை சுமக்கிறவங்கள்லாம் கொத்தனார் ஆயிட்டா, அப்புறம் சுமக்க யாரு?"

"சுமந்தது போதும். கொத்தனார் சாப்பிட்டுக் கண்ணசந்த நேரத்துல எல்லாம் சுவரை ஏத்தினது நான். பேரு அவருக்கு, முதுகுவலி எனக்கா?"

மேஜைமேல் கைரேகை மிஷின் இருந்தது. விரல் பதிந்தால் பச்சை விளக்கு, பதியாவிட்டால் சிவப்பு. கொழுந்தன் விரலை வைத்ததுமே பச்சை எரிந்தது. கிளார்க் அவனை உள்ளே நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

அவள் வைத்தாள். சிவப்பு. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு. மற்ற விரல்களுக்கும் அதே கதிதான்.

"ரேகையே இல்லையேம்மா."

"சிமெண்டு தின்னுடுச்சு சார்."

"அப்படி ஓரமா நில்லுங்க."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"நிக்கிறேன். ஆனா போகமாட்டேன். நீங்க சாஞ்சு உக்காந்திருக்கிற சுவரைக் கட்டினவனுக்கும் ரேகை இருந்திருக்காது. ஒரு கரண்டி குடுங்க, கட்டிக் காட்டுறேன். அப்புறம் பேசுங்க."

கிளார்க் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெயிலில் ஏற்கெனவே நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். அவளும் போய் நின்றாள். உள்ளே ஃபேனுக்கு அடியில் கொழுந்தன் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

சற்று நேரத்தில் இன்ஜினியர் வந்தார். நாற்காலிகளில் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"பச்சை விழுந்தவங்கல்லாம் வீட்டுக்குக் கிளம்புங்க. வருஷக்கணக்கா கலவையில கெடந்த கைக்கு ரேகை எங்கேருந்து வரும்?" என்றவர் கிளார்க்கிடம் திரும்பினார். "வெயில்ல நிக்கிறவங்களைக் கூப்பிடுங்க. அவங்க கட்டிக் காட்டட்டும்."

வாசலில் கொழுந்தன் தலையைக் குனிந்தபடி எதிரே வந்தான். அவள் அவன் கையிலிருந்த இரவல் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"சித்தாள் வரிசை அந்தப் பக்கம், தம்பி."