ஆடு மட்டும் நிற்கிறது

“சொல்லாத எண்டா சொல்லாத! மன்னிச்சிட்டன், மாப்புத் தந்துட்டன், முடிஞ்சு—”

“என்னத்துக்குத் தந்த நீ? நான் இன்னும் சொல்லவே—”

“எல்லாத்துக்கும் தந்தன், மொத்தமா! நான் ஹஜ்ஜுக்குப் போகக்குள்ள வந்து கேட்டன், நீயும் மொத்தமாத்தானே தந்த? விபரம் கேட்டியா?”

“மொத்தமா எனக்கு வேணா! ஆட்டுக்குத் தா!”

கட்டிலில் கிடந்தவர் பிலிப்பு. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆசுபத்திரியில் சொல்லி மூன்று நாள்.

பக்கத்துக் கதிரையில் அடுத்த வளவு ஆதம்பாவா ஹாஜியார். எழும்பிப் போகலாமென்றால் அவருடைய இடுப்புச் சாரன் நுனி பிலிப்பின் கைக்குள் இருந்தது.

கால்மாட்டில் போதகர் ஐயா. திருவிருந்துக்கு அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைத்துவிட்டு, அரைமணி நேரமாக ஈ விரட்டிக்கொண்டிருந்தார்.

நாற்பது வருசம் கோயில் வாசலோடு திரும்பிய மனுசன் பிலிப்பு. போன ஞாயிறு தானாகவே ஐயாவைக் கூப்பிட்டு, ஒரு பின்னேரம் முழுக்க அழுது, எல்லாவற்றையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்தார். அதற்குப் பிறகு முகமே வேறு.

“கர்த்தர் எல்லாத்தையும் எடுத்துட்டார், மச்சான். குடியை எடுத்தார், பொய்யை எடுத்தார். ஆடு மட்டும் நெஞ்சில நிக்குது. அது உன்ட ஆடு. உன்னட்டக் கேக்கச் சொல்லுறார்.”

“எனக்கு ஒரு ஆடும் ஞாபகம் இல்ல.”

“பொய் சொல்லாத, சாகக் கிடக்கிறவன் முன்னால—”

“சாகக் கிடக்கிறவனுக்கு இவ்வளவு சத்தமா?”

“கேட்டுத்தான் பாருங்களன், ஹாஜியார்,” என்றாள் பிலிப்பின் மனைவி றஞ்சிதமலர். “மூணு நாளா ஆடு, ஆடு எண்டுதான் கிடக்கார். என்னைக்கூட இப்பிடிக் கூப்பிடல்ல.”

பிலிப்பு சொல்லியேவிட்டார்.

கிறிஸ்து பிறந்த நத்தாரும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒரே கிழமையில் வந்த வருசம். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் இரண்டு வெள்ளைக் கடா வாங்கினார்கள். இரண்டும் பிலிப்பின் வளவில் நின்றன. பச்சைக் கயிறு ஹாஜியார் பெருநாளுக்குப் பலி கொடுக்கும் குர்பான் கடா, மஞ்சள் கயிறு பிலிப்பின் நத்தார்க் கடா.

அயலில் முஸ்லிம் ஆட்களும் சாப்பிட வேண்டுமே. அதனால் நத்தார்க் கடாவை அறுத்துக் கொடுப்பது எப்போதும் ஆதம்பாவாதான்.

“அந்தக் கிழமை என்ட நாய் உன்ட கடாட காதைக் கடிச்சிட்டு. ஒரு துண்டே இல்ல. உனக்குச் சொல்லல்ல. ரத்தத்தைக் கழுவித் திருப்பிக் கட்டினன். நத்தாருக்கு நீ அறுத்துத் தந்த, நான் உரிக்கன், உரிக்கக்குள்ள பாத்தா அந்தக் கடிபட்ட காது இஞ்ச கிடக்கு! பதட்டத்தில நான்தான் கயித்த மாத்திக் கட்டியிரிப்பன். உன்ட குர்பான் கடாவை உன்ட கையாலேயே அறுக்க வெச்சு, தின்னும்போட்டம். பெருநாளைக்கு நீ குடுத்தது என்ட கடா. பத்தொம்பது வருசம்—”

அவருக்கு மூச்சு வாங்கியது.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார். திரும்பவும் போட்டார்.

“ஆட்டுக்கு மாப்பு,” என்றார். “காதுக்கும் மாப்பு. நாய்க்கும் மாப்பு. போதுமா?”

பிலிப்பு சிரித்தார். சாரனை விட்டார்.

போதகர் ஐயா அவசரமாக அப்பத்தை எடுத்தார். பிலிப்பு வாங்கினார், ரசத்திலும் நாக்கை நனைத்தார். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் றஞ்சிதமலர் குனிந்து அவருடைய கண்களை மூடினாள்.

சாரன் விடுபட்ட பிறகும் ஹாஜியார் எழும்பவில்லை. கட்டிலோரம் சாய்ந்து, பிலிப்பின் காதருகே வாயை வைத்தார்.

“பிலிப்பு, நீ கயித்த மாத்தல்லடா. காது குறைஞ்ச கடா குர்பானுக்கு ஆகாது, நான்தான் மாத்திக் கட்டினன். அதுக்குப் பிறகு நான் ஹஜ்ஜுக்குப் போகக்குள்ள நீ தந்த மாப்பில… ஆடும் சேத்தியா?”