கம்ப்யூட்டரின் குரல்

குலுக்கலில் கேப்டன் சீட்டு டெஸ்ஸாவுக்கு விழுந்ததும் அவள் அம்மா லிண்டல், குலுக்கலை நடத்திய க்ளெனிஸிடம் ஓடினாள்.

"வேற யாருக்காவது மாத்திக் குடுங்களேன், க்ளெனிஸ். இவளுக்குப் பேச்சு திக்கும். அத்தனை பேர் முன்னால எப்படிப் படிப்பா?"

"நான் மாத்தத் தயார். அவ சீட்டை விட்டாத்தானே? இறுக்கிப் பிடிச்சிட்டு நிக்கிறா பாரு," என்று சிரித்தாள் க்ளெனிஸ்.

க்ளெனிஸின் கணவர் மெர்வ், பழைய கேரவன் ஒன்றை விண்கலமாக மாற்றியிருந்தார். டிராக்டர் இருக்கைகள், வாஷிங் மெஷின் ஸ்விட்சுகள், உலுக்குவதற்கு ஒரு மோட்டார். ஆட்டுக்கு ரோமம் வெட்டும் கொட்டகையில் இன்று அதன் முதல் பயணம். பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் உள்ளே. பெற்றோர் வெளியே கம்பளி மூட்டைகள் மேல் உட்கார்ந்து டிவியில் பார்க்கலாம்.

கலத்தைக் கிளப்ப ஒரு முறை இருந்தது. கேப்டன் பட்டியலில் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஸ்விட்சைத் தொடலாம். பலகைத் தடுப்புக்குப் பின்னால் மெர்வ் டைப் அடிப்பார். ஒரு பெட்டி அதை இயந்திரக் குரலில் பேசும். பிள்ளைகளுக்கு மட்டும் இது தெரியாது.

கதவு மூடியது. டிவியில் டெஸ்ஸா பட்டியலைப் பிரித்தாள்.

"மெ... மெ... மெயின் பவர்."

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை. அரை நிமிடம் போனது.

"இவ சொன்னது அதுக்குப் புரியல," என்றான் கூப்பர் என்கிற பையன். "பேப்பரை எங்கிட்ட குடு."

டெஸ்ஸா பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நா... நான்தான் கே... கேப்டன். மெ... மெயின் பவர்."

"பெட்டி மக்கர் பண்ணுது போல," என்று முணுமுணுத்தாள் க்ளெனிஸ். "காலையில நல்லாத்தானே பேசிச்சு."

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது.

"மெ... மெ... மெயின் பவர். ரெ... ரெடி."

கேரவனுக்குள் சிரிப்பு வெடித்தது. மூட்டை மேலிருந்த ஒரு அப்பாவும் சிரித்தார்.

லிண்டல் சட்டென்று திரும்பினாள். "க்ளெனிஸ், உங்க வீட்டுக்காரரை நிறுத்தச் சொல்றீங்களா?"

க்ளெனிஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டு டிவியையே பார்த்தாள். இவளும் சிரிப்பை அடக்குகிறாளா?

டெஸ்ஸா சிரிக்கவில்லை. ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள்.

"ப... பரவால்ல, கம்ப்யூட்டர். அ... அவசரம் ஒண்ணுமில்ல. ஆ... ஆக்சிஜன்."

"ஆ... ஆ... ஆக்சிஜன். ரெடி."

கூப்பர் ஸ்விட்சைத் தட்டினான். விளக்கு எரிந்தது. நாலாவது வரியில் யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதாவது வரியில் மோட்டார் உறுமி, கேரவன் குலுங்கி, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த லிண்டல் எழுந்தாள். விறுவிறுவென்று போய்ப் பலகைக் கதவைத் திறந்தாள்.

செத்துப்போன பெட்டி மேஜையில் பிரிந்து கிடந்தது. மெர்வ் மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இந்த ஊருக்கு அவள் குடிவந்து ஆறு மாதம். அவளைப் பார்த்தால் அவர் தலையாட்டுவதோடு சரி.

"எட்டு வயசுப் பிள்ளை. அதைப் போய் இப்படிக் கேலி பண்ணலாமா? ஒரு வரியோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"

மெர்வ் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முயன்றார்.

லிண்டலின் கை கதவிலிருந்து நழுவியது.

"அ... அவளே நி... நிறுத்தலயேம்மா," என்றார் மெர்வ். "நா... நான் எப்படி நிறுத்தறது?"