குச்சிக்குப் பக்கத்தில்

“மெஷினை நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!”

அஃப்ரீன் திடலைக் கடந்து ஓடி வந்தாள். புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை அணைத்து, முகமூடியைத் தூக்கினார். கழுத்தில் தொங்கிய அட்டையில் ரகுபதி என்றிருந்தது.

“என்னம்மா?”

“எட்டு வாரமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து இந்தச் செடியைப் படம் எடுக்கிறேன். யுனிவர்சிட்டி புராஜெக்ட். தீப்பிடிச்சு எரிஞ்ச இடம், தானா முளைச்சு வருது. அதைப் போய் வெட்டுறீங்களே!”

“இல்லம்மா, நான் வந்து...”

“மெஷினோட நின்னு டான்ஸா ஆடுறீங்க?”

ரகுபதி சிரித்துவிட்டார். சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சியைக் காட்டி, “இது நீங்க நட்டதா? யாரோன்னு நெனச்சேன்” என்றார்.

“பேச்சை மாத்தாதீங்க அண்ணே. மனுஷன் கையை வைக்காம இருந்தாப் போதும், இயற்கை தன்னைப் பார்த்துக்கும். அதுதான் என் புராஜெக்டே!”

அவர் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “சூப்பர்வைசர் வர்ற நேரம். நீங்க கொஞ்சம் போயிடுங்கம்மா.”

“வரட்டுமே. எனக்கென்ன பயம்?”

அவரும் செடியும் சேர்ந்து விழும்படி பக்கவாட்டில் நின்று கேமராவைத் தூக்கினாள்.

“போட்டோ வேணாம்மா, ப்ளீஸ்.”

“தப்புப் பண்ணலைன்னா ஏன் பயப்படுறீங்க?”

பூன் லே ஸ்டேஷனில் ரயில் வருவதற்குள், திடலைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் புகார் போய்விட்டது, படத்தோடு. பிறகு நிம்மதியாகப் புராஜெக்டுக்குத் தலைப்பு எழுதினாள்: ‘மனிதக் கை படாத மீட்சி’.

அடுத்த ஞாயிறு குச்சி ஒடிந்து கிடந்தது. செடி இல்லை. திடல் முழுக்க மொட்டை.

ஓரமாக ஒருவர் வெட்டிய புல்லை வாரிக்கொண்டிருந்தார். அட்டையில் முகைதீன்.

“நீங்களா வெட்டினீங்க?” அவள் அவரை நெருங்கினாள். “முன்னாடி இருந்தவர் எங்கே?”

“ரகுபதி அண்ணனா? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. நேத்துதான் ஊருக்கு பிளேன் ஏத்தி விட்டுட்டு வந்தேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. “செடியை வெட்டினா அப்படித்தான்.”

“வெட்டினதுக்கு இல்லம்மா, வெட்டாததுக்கு!” முகைதீன் வாரியலை ஊன்றி நிமிர்ந்தார். “கணுக்கால் உயரத்துக்கு மேல எதுவும் நிக்கக் கூடாதுன்னு ஆர்டர். இவரு, யாரோ ஆசையா குச்சி நட்டிருக்காங்கன்னு ரெண்டு மாசமா இந்த இடத்தை மட்டும் விட்டுட்டுச் சுத்தி வெட்டுவாரு. ரெண்டு வார்னிங் வாங்கியும் கேக்கலை.”

அஃப்ரீன் சுற்றிலும் பார்த்தாள். எட்டு வாரத்தில் குச்சியைத் தாண்டி அவள் கேமரா திரும்பியதே இல்லை.

“சூப்பர்வைசர் வந்தா, செடிக்கு முன்னால போய் மறைச்சுக்கிட்டு நிப்பாரு. அன்னைக்கும் அப்படித்தான் நின்னிருக்காரு. எந்தப் புண்ணியவதியோ பக்கவாட்டுல நின்னு, செடியும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பிட்டா.”