வாக்கியத்தின் எழுவாய்

நடந்ததைப் பற்றிய தீர்ப்பை ஆங்கிலத்தில் ஒரே பெயரடையில் சொல்லிவிடலாம் என்றார், பெரியவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பின் ஆசிரியர் அருளானந்தம். பலகையில் ‘இட் இஸ் குட் தட்’ என்று எழுதி, நிரப்பச் சொன்னார். மழை பெய்தது நல்லது, பஸ் வந்தது நல்லது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசி பெஞ்சிலிருந்து வசந்தாமணி எழுந்தாள். சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் அவள் கணவன் செத்து மூன்று மாதமாகிறது. பட்டறை அனுப்பிய கடிதத்தைத் தானே படிக்கவேண்டும் என்றுதான் இந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். அதைப் பிரித்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்: “இட் இஸ் அன்ஃபார்ச்சுனேட் தட்...”

“தொழிலாளி அனுமதியில்லாமல் தொட்டிக்குள் இறங்கியது துரதிருஷ்டவசமானது,” என்று அருளானந்தம் தமிழில் முடித்தார்.

“மீதிய நான் இன்னும் வாசிக்கலீங்களே சார்.”

“யார் மேலயும் பழி வராம எழுதிக் குடுங்க சார்” என்று பட்டறை மேனேஜர் கேட்டு, அருளானந்தமே எழுதிக் கொடுத்த வாக்கியம் அது.

“மேனேஜர்தானுங்க எறங்கச் சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்,” என்றாள். “இதுல ‘இட்’டுங்கறது யாருங்க சார்?”

அருளானந்தம் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“யாருமில்லம்மா. வாக்கியத்துக்கு ஒரு எழுவாய் வேணுமேன்னு போடறது.”

மற்றவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வசந்தாமணி உட்காரவில்லை.