சொர்ணம்மாள் யார் பக்கம்?

வீடு யாருக்கு என்பதில் தகராறு இல்லை. நகை யாருக்கு என்பதிலும் இல்லை. எல்லாம் பேசி முடிந்து, கடைசியில் சொர்ணம்மாளில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"அம்மை அவகூட போகட்டு," என்றான் மகன் அனில்குமார்.

"வேண்டாம். அத்தை அத்தான்கூடவே இருக்கட்டு," என்றாள் மருமகள் ஆனந்தலட்சுமி.

நெய்யாற்றின்கரையில் வக்கீல் சோமனின் ஆபீஸ். இருவருக்கும் நடுவில்தான் சொர்ணம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியது போல் இருந்தது அவளுக்கு.

அனில் பெற்ற பிள்ளை. ஆனந்தம் அண்ணன் மகள். அண்ணனும் மதினியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது, நடக்கத் தெரிந்தும் தெரியாமலும் இருந்த பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாறசாலைக்கு வந்தவள் சொர்ணம்மாள்தான். இரண்டையும் ஒரே பாயில் போட்டு வளர்த்தாள். வயசு வந்ததும், முறைப்பெண்ணை எதற்கு வெளியே கொடுக்கவேண்டும் என்று மகனுக்கே கட்டியும் வைத்தாள்.

சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒருநாள் இருவரும் சேர்ந்து வந்து, பிரிந்துகொள்கிறோம் என்றார்கள். காரணம் கேட்டால் அவன் தப்பு தன்மேல் என்பான். அவள் இல்லை, தன்மேல் என்பாள். அதற்கு மேல் இருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வராது.

ஊர் சும்மா இருக்குமா? அவனுக்குக் காட்டாக்கடையில் ஒரு பெண் உண்டு என்று ஒரு வாய் சொன்னது. அவள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கூத்து என்று இன்னொரு வாய் சொன்னது.

வக்கீல் சோமனுக்குப் பொறுக்கவில்லை. வளர்த்தவளைப் பந்து போல அங்கேயும் இங்கேயும் தட்டுகிறீர்களே, சோறு போட்ட வீட்டு நாய்க்கு இருக்கிற நன்றி உண்டா உங்களுக்கு என்று பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் பொரிந்து தள்ளினார்.

சொர்ணம்மாள் எழுந்துவிட்டாள்.

"பால் கறந்து பிழைக்க எனக்குக் கை உண்டு, வக்கீல் சாறே. ஒருத்தருக்கும் நான் பாரமா வரல்ல. மாட்டுத் தொழுவுல கெடந்தாலும் கெடப்பேன்."

"இருங்கம்மா," என்றாள் லேகா. "இன்னும் முடியல்ல."

லேகா மனோதத்துவம் படித்தவள். விவாகரத்து மனு எழுதுமுன் குடும்பத்தை அவளிடம் பேச அனுப்புவது சோமனின் வழக்கம். கிறுக்குக்குப் பார்க்கிற டாக்டரம்மா நமக்கு எதற்கு என்று முதல்நாளே முறைத்தவள் சொர்ணம்மாள்.

லேகா முதலில் ஒவ்வொருவரையும் தனியாக வைத்துப் பேசுவாள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் காதில் போடமாட்டாள். ஆனால் முடிவு என்று வந்தால், அது யாரைத் தொடுகிறதோ அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அதில் மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது.

"அம்மாவை எதுக்கு அடுத்தவங்ககூட விடணும்ணு என்கிட்ட சொன்ன காரணத்தை நீங்க ரெண்டு பேரும் அம்மாகிட்ட சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

சோமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லேகா கையைக் காட்டி நிறுத்தினாள். காத்திருக்க அவளுக்குத் தெரியும்.

அனில்தான் முதலில் பேசினான்.

"அம்மா, நீ யாருகூட இருக்கியோ அவங்க பக்கம்தான் நியாயம்ணு ஊரு பேசும். இவ தனியா படியிறங்கினா, அம்மையும் மகனும் சேந்து அநாதைப் பொண்ணை வெரட்டி விட்டாங்கண்ணு ஆவும். எதாவது செஞ்சிருப்பாண்ணு இவளைத்தான் சொல்லுவானுவ. நீ கூடப் போனா தப்பு எனக்க மேலன்னு ஆயிரும். நான் தாங்கிக்கிடுவேன்."

ஆனந்தம் நிமிர்ந்தாள்.

"பெத்த அம்மையே மகனை விட்டுட்டுப் போனா, நாளைக்கு அத்தானுக்கு எவன் பொண்ணு தருவான்? பேச்சு எனக்க மேல வரட்டு அத்தே. எனக்கு பாலராமபுரத்துல வேலை உண்டு. நான் பாத்துக்கிடுவேன்."

"ஏட்டி, நீ ஒண்ணும் பாக்க வேண்டாம். சும்மா கெட."

"நீரு சும்மா இரும் அத்தான். எல்லாத்துலயும் ஒமக்கு முந்தணும்."

"அண்ணைக்கு டீச்சர்கிட்ட அடி வாங்க முந்தினது யாரு?"

"அது நீரு கண்ணாடியை ஒடச்சதுக்கு."

சொர்ணம்மாள் மெல்ல உட்கார்ந்தாள். இந்தச் சண்டையை அவள் நன்றாக அறிவாள். பாவாடையும் நிக்கருமாக இருந்த காலத்திலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய சண்டை. புருஷனும் பெண்டாட்டியும் போடுகிற சண்டை அல்ல இது.

பிரிவுக்குக் காரணம் கேட்டபோதெல்லாம் இருவரும் ஏன் வாயை இறுக மூடிக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. யாரை நோகடிக்கக்கூடாது என்று மூடினார்கள் என்பதும்.

"இனி நீங்க சொல்லுங்கம்மா," என்றாள் லேகா.

சோமன் பேனாவைத் திறந்தார். குரல் இப்போது தணிந்திருந்தது. "அம்மா யாரு பக்கம்ணு எழுதணும்?"

சொர்ணம்மாள் ஆளுக்கொரு கையாக இருவரையும் பிடித்துக்கொண்டாள்.

"அங்கயும் இருப்பேன், இஞ்சயும் இருப்பேன். ஊருக்கு நானே சொல்லிக்கிடுதேன், மக்கா. தப்பு ரெண்டு பேரு பக்கமும் இல்ல. அண்ணனையும் தங்கச்சியையும் பிடிச்சுக் கெட்டி வச்சது நானாக்கும்."