ராஜா குடித்த கஷாயம்

ராஜாவை இன்று முதல் பாகத்திலேயே தீர்த்துக்கட்டிவிடுவது என்று பாலகுரு முடிவு செய்துவிட்டார்.

பகலில் அவர் மரக்காணம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தும் சாதுவான மனிதர். சாயங்காலம் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தால் நாடக வாத்தியார். நூறு வருடப் பழைய சங்கீத நாடகம் ஒன்றை இருபது வருடமாக மேடையேற்றி வருகிறார். இருபது வருடமும் ராஜா வேஷம் உப்பள முதலாளி வெங்கடாசலத்துக்குத்தான். மேடை அவருடைய கிடங்கு வாசல். பட்டு அங்கி அவருடையது. கடைசியில் போடும் பிரியாணியும் அவருடையது. குரல் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. மனிதக் குரல் இல்லை என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது.

நடிப்பு அதற்கு மேல். விஷம் குடித்துச் சாயும் கட்டத்தில், ராஜா முதலில் தரையில் தூசி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். அங்கவஸ்திரத்தை விரிப்பார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, கிரீடத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உயிருக்குப் போராடுவார். வைத்தியர் வந்து பிழைக்க வைத்ததும், இரண்டாம் பாகம் முழுக்கப் பாடுவார். அதுதான் பயமே.

இன்று முன்வரிசையில் உட்காரப் போகிறவர், சென்னை நாடக விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் அமுதவல்லி. பாலகுருவின் இருபது வருடக் கனவு அந்த விழா. வெங்கடாசலம் வாயைத் திறந்தால் அந்த அம்மாள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

மந்திரியாக நடிக்கும் அறிவழகன் உப்பு மூட்டை சுமப்பவன். அவன் பாடினால் உப்புப் பாத்தியில் நிற்கும் பெண்கள் வேலையை மறந்துவிடுவார்கள். ராஜாவின் பாட்டெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

"ராஜாவுக்குத் திடீர்னு முடியாமப் போச்சுன்னா, ரெண்டாவது பாகம் நீ பாடிடுவியா?"

"அவருக்கு என்ன சார் ஆவப் போவுது? சளிகூட அவரைக் கண்டா பயந்து ஒதுங்கிப் போவுது."

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்ப்பா."

உப்பை வாரிய பிறகு பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். ஒரு மடக்கு உள்ளே போனால் போதும், ஆளைக் கொல்லைப்பக்கம்தான் தேடவேண்டும். விஷக் கோப்பையில் வெங்கடாசலம் வெறும் தண்ணீரை ஊற்ற விடமாட்டார். தொண்டைக்கு இதமாகப் பனங்கற்கண்டு போட்ட சுக்குக் கஷாயம்தான் வேண்டும். அந்தக் காரத்தில் கசப்பு எங்கே தெரியப் போகிறது? அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து ஒரு மூடி கலக்க நினைத்த பாலகுரு, அவசரத்தில் பாட்டிலையே கவிழ்த்துவிட்டார்.

நாடகம் தொடங்கியது. மந்திரி பணிவோடு கோப்பையை நீட்டினான். ராஜா ஒரு சொட்டு உறிஞ்சினார். ஒரு கணம் ஆர்மோனியத்தின் பக்கம் பார்த்தார். பிறகு அண்ணாந்து, கோப்பை முழுவதையும் கவிழ்த்துக்கொண்டார்.

தூசி பார்க்கவில்லை. வஸ்திரம் விரிக்கவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டிய பனைமரம் மாதிரி விழுந்தார். கிரீடம் உருண்டு ஓடி அமுதவல்லியின் காலடியில் விழுந்தது. கண்கள் செருகின. வாயோரம் நுரை. கால் இரண்டு தரம் இழுத்து அடங்கியது.

பாலகுருவின் விரல்கள் ஆர்மோனியக் கட்டையிலேயே ஒட்டிக்கொண்டன. இந்த மனிதருக்கு நடிக்க வராது. இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்படியானால்...

ஓடிப்போய்த் தூக்கினார். அங்கியின் மார்பெல்லாம் ஈரம். வாந்தியோ?

"அண்ணே! அண்ணே!"

அதற்குள் வெங்கடாசலத்தின் மனைவி ரேணுகா மேடையேறிவிட்டாள்.

"டேய் அறிவழகா! என் வீட்டுக்காரருக்கு என்னத்தடா கலந்து குடுத்தே?"

ஓசி நாற்காலியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஏட்டு, கடமை உணர்ச்சி பொங்கி எழுந்து மந்திரியின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். அறிவழகன் அழவே ஆரம்பித்துவிட்டான்.

பாலகுருவால் தாங்க முடியவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"அவனை விடுங்க! நான்தான் கலந்தேன்! பாத்தித் தண்ணிதாங்க... கொல்லணும்னு இல்லீங்க, இவரு பாடாம இருந்தா போதும்னுதான்!"

கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. செத்துப்போன ராஜா ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏம்பா பாலகுரு, நாப்பது வருஷமா அந்தத் தண்ணியிலதான் நிக்கிறேன். நாக்குல பட்டா எனக்குத் தெரியாது? மிச்சத்தையெல்லாம் அங்கிக்குள்ள ஊத்திக்கிட்டேன். யாரு பண்ணதுன்னு தெரியணும்ல, அதான் செத்துப் பாத்தேன்."

ஏட்டு கையை எடுத்தார். பாலகுரு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கனவும் போயிற்று, மானமும் போயிற்று.

முன்வரிசையில் ஒற்றைக் கைதட்டல் கேட்டது. அமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து நின்றார்.

"எத்தனையோ ராஜா செத்துப் பார்த்திருக்கேன். இந்த மாதிரி ஒரு சாவைப் பார்த்ததில்ல! விழாவுல உங்களுக்குப் பத்து ஆட்டம். ஆனா ராஜா இவர்தான் நடிக்கணும். ஆர்மோனியக்காரர் வந்து கதறினாரே, அந்தக் காட்சியையும் எடுத்துடாதீங்க."

வெங்கடாசலம் எழுந்து, அங்கியைப் பிழிந்துவிட்டு, வாத்தியாரின் காதோரம் குனிந்தார்.

"பத்து பாட்டில் ரொப்பி எடுத்துக்கப்பா, அது நாக்குல படலைன்னா எனக்கு நடிப்பு வராது."